கல்மேசையில் மூன்று நூல்: வெக்டரை வரைந்தும் கணக்கிட்டும் கூட்டிப் பார்த்த பதிவு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வெக்டர்களை, அதாவது விசை போல அளவும் திசையும் சேர்ந்தவற்றை, கூட்ட இரண்டு வழி சொல்லித் தருகிறோம். ஒன்று, அளவுத்திட்டம் வைத்துத் தாளில் அம்புக்குறிகளாக வரைந்து, தொகுபயனை, அதாவது எல்லாம் சேர்ந்து தரும் ஒற்றை வெக்டரை, ஸ்கேலாலும் பாகைமானியாலும் அளப்பது. மற்றது, சூத்திரத்தில் போட்டோ, ஒவ்வொன்றையும் கிடைமட்ட (எக்ஸ்), செங்குத்து (ஒய்) கூறுகளாகப் பிரித்தோ கணக்கிடுவது. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் வழி ஒரு படம்; இரண்டாவதுதான் விடை. படத்தைக் கையால் தோராயமாகக் கிறுக்கிவிட்டு நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஒரே விடை தரும் என்று கரும்பலகையில் காட்டுவது சுலபம். எந்த இடத்தில் எதை நம்பலாம் என்பதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. அதற்கு உண்மையான இழுவிசைகள் எதிரில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த விசைமேசையைச் செய்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதால் மேசைக்குக் கல் கிடைத்தது.

விசைமேசை எளிமையான கருவி. வட்டமான தளம், விளிம்பைச் சுற்றிப் பாகைக் கோடுகள், விளிம்பில் எங்கு வேண்டுமானாலும் பூட்டக்கூடிய கப்பிகள், நடுவில் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு சாவி வளையம். வளையத்தில் கட்டிய நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு கப்பி மேல் ஏறி வெளியே தொங்கும். நுனியில் எடை. எல்லா இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்தால் வளையம் ஆணியைத் தொடாமல் நடுவில் நிற்கும். இரண்டு விசைகளை வைத்துவிட்டு மூன்றாவதால் வளையத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால், அந்த மூன்றாவது விசைதான் தொகுபயனுக்கு நேர் எதிரானது. அதன் திசையில் 180 பாகை திருப்பினால் தொகுபயன்.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டுக்கல் குவிந்து கிடக்கும். வட்ட டைனிங் டேபிள் செய்கிற பட்டறை என்பதால் வட்டம் வெட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை. 60 செ.மீ. விட்டம், 18 மி.மீ. தடிமன், மேல்பக்கம் பாலிஷ், நடுவில் ஆணிக்கு 8 மி.மீ. துளை என்று கேட்டேன். துளை நடுவில் இருக்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். “டேபிளுக்கு நடுவுல எதுக்கு சார் ஓட்டை?” என்று மேஸ்திரி கேட்டார். விளக்கியதும், முதலில் துளையைப் போட்டு, அதில் ஒரு போல்ட்டை நிறுத்தி, அதிலிருந்தே ஆரம் எடுத்து வட்டத்தைக் கீறிக்கொண்டார். நான் யோசித்து வைத்திருந்த முறையைவிட இது நல்ல முறை. நடு எங்கே என்று பிறகு தேட வேண்டிய அவசியமே இல்லை.

கிரானைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2700 கிலோ. அப்படிப் பார்த்தால் இந்தக் கல் 13.7 கிலோ வருகிறது. இரண்டு பேர் தூக்கி வைக்கலாம். ஆனால் கப்பியை நகர்த்தும்போதும் எடையை மாட்டும்போதும் அது அசையாது. பிளைவுட் பலகை எங்கள் வெயிலில் ஒரு கோடைக்குள் வளைந்துவிடும். கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய விட்டத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு: சுற்றளவு 188.5 செ.மீ. என்பதால் விளிம்பில் ஒரு பாகை 5 மி.மீ.க்கு மேல் விரிகிறது. அரைப் பாகையைக் கண்ணால் எடுப்பது சுலபம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியில் ஒரு பாகை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பாகை வட்டத்தை பிளக்ஸ் கடையில் வினைல் ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டினோம். வினைல் இழுத்தால் நீளும். அதனால் சோப்புத் தண்ணீர் தெளித்து, இழுக்காமல், நடுவிலிருந்து வெளியே தள்ளி ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு சரிபார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. வட்டத்தில் 60 பாகைக்கான நாண் ஆரத்துக்குச் சமம். பாகைக் கோடுகள் விளிம்பு வரை போகிறபடி அச்சடித்திருந்ததால், 0 முதல் 60 வரை, 60 முதல் 120 வரை என்று ஆறு நாண்களையும் அளந்தோம். ஒவ்வொன்றும் 30 செ.மீ. வர வேண்டும், வந்தது. எதிரெதிர்க் கோடுகளுக்கு இடையில் நூல் பிடித்து அது ஆணியின் நடுவில் போகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

கால்களுக்கு மூன்று கால் இரும்பு ஸ்டூல். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. ரசமட்டம் வைத்து, கல்லுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் திருகி மட்டம் பிடிக்கலாம்.

இனி கப்பி. இதில்தான் அதிக நேரம் போனது, போனதும் நியாயம்தான். முதலில் பூட்டியது அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் ரோலர். பள்ளம் இருக்கிறது, விலை குறைவு, சி கிளாம்ப்பில் எளிதாக ஏறுகிறது. அப்புறம் 608 பேரிங் வைத்து இன்னொரு செட் செய்தோம். உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. உள்ள சின்னப் பேரிங் அது. லேத் பட்டறையில் நைலான் வளையத்தில் வி வடிவப் பள்ளம் வெட்டி பேரிங் மேல் அழுத்திப் பொருத்தினார்கள். புதுப் பேரிங்கில் கிரீஸ் அடைத்திருக்கும். வேகமாகச் சுழலும் மோட்டாருக்கு அது வேண்டும். 300 கிராம் எடைக்கு அது பசை. ரப்பர் மூடியைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் விரலால் தட்டினால் நெடுநேரம் சுற்றுகிறது. இரண்டு வகையையும் வைத்துக்கொண்டதால் பின்னால் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்ட முடிந்தது.

நூலுக்குத் தங்கூஸ் நரம்பு ஒத்துவரவில்லை. சுருண்டிருந்த பழக்கம் போகாமல் குறைந்த எடையில் வளைந்தே நிற்கிறது. பூக்கட்டும் நூலில் பிசிறு. தையல் கடையின் பாலியஸ்டர் நூல் நன்றாக இருக்கிறது. எடைக்கு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மணல். ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசில் டப்பாவோடு சேர்த்து நிறுத்துக்கொள்கிறோம். மணலின் வசதி, ஒரு சிட்டிகை கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது. இரும்பு எடைக்கல்லில் அது முடியாது.

முதல் சோதனைக்கு எடுத்தது: 30 பாகையில் 300 கிராம், 110 பாகையில் 200 கிராம். விசையை நியூட்டனில் சொல்ல வேண்டும் என்றால் கிராமை ஆயிரத்தால் வகுத்து 9.8ஆல் பெருக்கினால் போதும். எல்லாப் பக்கமும் ஒரே எண்ணால் பெருக்குவதால் ஒப்பிடும்போது கிராம் எடையிலேயே பேசிக்கொள்ளலாம்.

வரைகிற குழுவை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 1 செ.மீ.க்கு 50 கிராம், மறுபக்கம் 1 செ.மீ.க்கு 20 கிராம். சின்ன அளவுத்திட்டத்தில் 6 செ.மீ. கோடு, அதன் தலையிலிருந்து 4 செ.மீ. கோடு, வாலையும் தலையையும் சேர்த்தால் 7.7க்கும் 7.8க்கும் நடுவில் ஓர் அளவு. அதாவது 385 முதல் 390 கிராம். ஒரு மில்லிமீட்டர் தவறினால் 5 கிராம் போகிறது. பென்சில் முனை மழுங்கியிருந்தால் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர். பெரிய அளவுத்திட்டத்தில் 15 செ.மீ., 10 செ.மீ. கோடுகள், தொகுபயன் 19.4 செ.மீ., 388 கிராம், திசை 60 பாகைக்குச் சற்று மேல். அதே கை, அதே ஸ்கேல், அதே பென்சில். தாளில் இடம் கூடியதுமே விடை கூர்மையானது. வரைபட முறைக்கு மதிப்பெண் கொடுக்கும்போது அளவுத்திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதற்குத் தனியாக மதிப்பெண் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாளின் மூலையில் தீப்பெட்டி அளவு படம் போட்டவனும் தாள் நிறைய வரைந்தவனும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

கோணத்தின் பிழை எவ்வளவு பாதிக்கிறது என்பதையும் அதே தாளில் பார்க்கலாம். 10 செ.மீ. கோட்டை வேண்டுமென்றே ஒரு பாகை தள்ளி வரையச் சொன்னேன். அதன் நுனி 1.7 மி.மீ. நகர்கிறது. தொகுபயனின் நீளத்தில் 1.3 மி.மீ. மாறுகிறது, அதாவது கிட்டத்தட்ட 3 கிராம். அதன் திசையில் மூன்றில் ஒரு பாகைதான் மாறுகிறது. ஒரு விசையில் விட்ட ஒரு பாகை அப்படியே தொகுபயனுக்கு வந்து சேர்வதில்லை, பகிர்ந்து போகிறது. சூத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கணக்கிடும் குழுவிடம் லாகரிதம் அட்டவணை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் இல்லை என்பதால் அதிலேயே பழகட்டும். இரண்டு விசைக்கும் இடையே 80 பாகை. 300இன் வர்க்கம், 200இன் வர்க்கம், அப்புறம் 2 × 300 × 200 × கொசைன் 80°. அட்டவணையில் கொசைன் 80° என்பது 0.1736. கூட்டினால் 1,50,832. லாக் எடுத்து, பாதியாக்கி, ஆன்டிலாக் பார்த்தால் 388.4. திசைக்கு டேன்ஜென்ட்: 200 சைன் 80° மேலே, 300 + 200 கொசைன் 80° கீழே, 0.588 வருகிறது, அது 30.5 பாகை. முதல் விசையிலிருந்து அவ்வளவு தள்ளி என்பதால் மேசையில் 60.5. கூறுகளாகப் பிரித்த இன்னொரு பெஞ்சுக்கு எக்ஸ் கூறுகளின் கூடுதல் 191.4, ஒய் கூறுகளின் கூடுதல் 337.9 வந்தது. அதே 388.4, அதே 60.5.

இனி மேசை. மூன்றாவது கப்பியை 240.5 பாகையில் பூட்டி 388 கிராம் தொங்கவிட்டதும் வளையம் ஆணியைச் சுற்றி நடுவில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரு சிட்டிகை மணல் போட்டேன். வளையம் அசையவில்லை. இன்னொரு சிட்டிகை. அப்போதும் அசையவில்லை. ஜன்னல் ரோலர் பூட்டியிருந்தபோது 376 கிராமிலிருந்து 401 கிராம் வரை எந்த எடையை வைத்தாலும் வளையம் நகராமல் நின்றது.

“சார், அப்ப எதுதான் ஆன்சர்? ஆன்சர் ஒன்னுதானே இருக்கணும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த மேசையைச் செய்ததற்கே அந்தக் கேள்விதான் பலன் என்று சொல்வேன்.

கப்பியில் உராய்வு இருக்கிறது. இழுப்பில் இருக்கும் சின்ன வேறுபாட்டை உராய்வு தாங்கிக்கொள்வதால் வளையம் நகர மறுக்கிறது. அந்த நகராத அகலம்தான் இந்த மேசையால் சொல்லக்கூடியதன் எல்லை. அலசிய 608 பேரிங்குகளை மாற்றிப் பூட்டியதும் அகலம் 384 முதல் 392 வரை சுருங்கியது. கல்லின் விளிம்பை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே எடையை மாற்றினால் இன்னும் சுருங்குகிறது. தட்டும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை விடுபட்டு வளையம் தன் இடத்தைத் தேடிப் போகிறது. தட்டாமல் அளக்கக் கூடாது என்பதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம்.

இப்போது மூன்று விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னப் படம்: 385 முதல் 390. பெரிய படம்: 388ஐ ஒட்டி. கணக்கு: 388.4. மேசை: 384 முதல் 392. வரைபடம் ‘தோராயம்’, கணக்குதான் ‘சரி’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒழுங்காக வரைந்த படம் உண்மையான மேசையைவிடத் துல்லியமாக இருக்கிறது. கணக்கில் வரும் நான்காவது இலக்கத்தைச் சோதிக்க இந்த மேசையால் முடியவே முடியாது. அந்த .4ஐ நம்பலாமா என்பது டப்பாவை நிறுத்த தராசையும் கோணத்தைப் படித்த கண்ணையும் பொறுத்தது. படத்தில் கோட்டின் தடிமன் கண்ணுக்குத் தெரிவதால் விடைக்கு ஓர் அகலம் இருப்பது புரிகிறது. கணக்கில் அந்த அகலம் மறைந்துபோகிறது.

அப்படியென்றால் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். மூன்று விசை வந்ததும் அதன் அருமை தெரியும். 20 பாகையில் 150, 75 பாகையில் 200, 160 பாகையில் 250 கிராம் வைத்தோம். வரைபடத்தில் ஒன்றன் தலையில் இன்னொன்றாக மூன்று கோடு. ஒவ்வொரு முறை பாகைமானியை நகர்த்தி வைக்கும்போதும் கொஞ்சம் பிழை சேர்கிறது. கூறுகள் முறையில் இன்னொரு வரி மட்டுமே கூடுகிறது. எக்ஸ் கூறுகள் 140.95, 51.76, கழித்தல் 234.92, கூட்டினால் கழித்தல் 42.2. ஒய் கூறுகள் 51.30, 193.19, 85.51, கூட்டினால் 330.0. எண்மதிப்பு 332.7 கிராம். விசைகள் பத்து ஆனாலும் பயமில்லை.

ஆனால் திசையில் கணக்கு வழுக்கும் இடம் இதுதான். 330ஐ கழித்தல் 42.2ஆல் வகுத்து, டேன்ஜென்ட்டின் தலைகீழை எடுத்தால் போன் கால்குலேட்டர் கழித்தல் 82.7 பாகை என்கிறது. சிலர் அதை அப்படியே எழுதினார்கள். சிலர் கழித்தல் குறியை விட்டுவிட்டு 82.7 என்றார்கள். எக்ஸ் கூறு கழித்தல், ஒய் கூறு கூட்டல். ஆகவே விடை இரண்டாம் கால்பகுதியில், 180இலிருந்து 82.7ஐக் கழித்து, 97.3 பாகை. கழித்தல் 82.7 என்று எழுதியவர்களின் விடைப்படி மூன்று விசையும் மேலே இழுக்க வளையம் கீழே போக வேண்டும். கையால் போட்ட ஓர் ஓட்டைப் படம்கூட இதைக் காட்டிக்கொடுத்துவிடும். 82.7 என்று எழுதியவர்களைப் பிடிக்க ஓட்டைப் படம் போதாது. ஒழுங்காக வரைந்த படம் வேண்டும். வரைபடத்தில் வரும் பிழை மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். கணக்கில் பிழை வந்தால் அது முழுத் திசையையே திருப்பிவிடும். ஆகவே முதலில் வரை, பிறகு கணக்கிடு, இரண்டும் ஒரே பக்கம் போகிறதா என்று பார் என்பதுதான் என் வகுப்பில் இப்போது முறை.

வரைந்து கூட்டுவதைச் சின்னப் பிள்ளைகளின் வழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும். இரண்டு விசைகளைப் பக்கங்களாக வைத்து இணைகரம் வரைந்தால் அதன் மூலைவிட்டமே தொகுபயன் என்கிற இணைகர விதியை நியூட்டன் 1687இல் தன் இயக்க விதிகளுக்கு அடுத்த முதல் துணைத்தேற்றமாகவே வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் குல்மான் சூரிச்சில் வரைபட நிலையியலை ஒரு முழுத் துறையாகவே வளர்த்தார். பாலங்களின் ஒவ்வொரு உறுப்பிலும் எவ்வளவு விசை என்பதைத் தாளில் விசைப் பல்கோணம் வரைந்தே பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவருடைய மாணவர் மொரீஸ் கேக்லின்தான் 1889இல் திறக்கப்பட்ட ஈபிள் கோபுரத்தின் அமைப்பைக் கணித்தவர்களில் முதன்மையானவர். கூறுகளைக் கையாளும் இன்றைய வெக்டர் இயற்கணிதத்தைக் கிப்ஸும் ஹெவிசைடும் 1880களில்தான் உருவாக்கினார்கள்.

அடுத்து வைத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 0 பாகையில் 300 கிராம், 175 பாகையில் 280 கிராம். கிட்டத்தட்ட நேர் எதிர். கணக்கு 32.2 கிராம், 49.2 பாகை என்று தெளிவாகச் சொல்கிறது. தாளில் 15 செ.மீ. கோடு போய், 14 செ.மீ. கோடு திரும்பி வந்து, மிஞ்சுவது 1.6 செ.மீ. துண்டு. அந்தத் துண்டில் பாகைமானியை வைத்து அளப்பது எவ்வளவு சிரமம் என்பது கையில் தெரிகிறது. ஆளுக்கு ஒரு திசை வந்தது. 45 பாகையும் வந்தது, 54 பாகையும் வந்தது.

“பாத்தீங்களா சார், வரைஞ்சா தப்பாகுது” என்றான் கணக்குக் குழுவின் பையன். சரிப்பா, உன் கணக்கிலேயே 175க்குப் பதில் 174 போட்டுப் பார் என்றேன். 36.3 கிராம், 53.7 பாகை. ஒரு பாகை மாற்றத்துக்குத் திசை நாலரைப் பாகை நகர்கிறது. 280க்குப் பதில் 285 கிராம் போட்டால் 29.6 கிராம், 57.1 பாகை. ஐந்து கிராமுக்கு எட்டுப் பாகை. இரண்டு பெரிய விசைகளின் சின்ன வித்தியாசத்தைக் கேட்கும்போது, எந்த வழியில் போனாலும் விடை நடுங்கும். படம் அந்த நடுக்கத்தை வெளிப்படையாகக் காட்டியது. கணக்கு அதே நடுக்கத்தை வைத்துக்கொண்டு 32.2 என்று உறுதியான குரலில் சொன்னது. மேசையில், நல்ல பேரிங் போட்டும் தட்டியும்கூட, வளையம் 27 முதல் 38 கிராம் வரை நின்றுகொண்டே இருந்தது.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றைப் பட்டறையில் தினமும் பார்க்கலாம். கேன்ட்ரி கிரேனில் கல்லைத் தூக்கும்போது கொக்கியிலிருந்து இரண்டு பக்கம் செயின் இறங்கும். ஒரு கன மீட்டர் கல்லே 2.7 டன். செயின் கிடைமட்டத்தோடு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு செயினுக்கும் கல்லின் எடையில் 0.58 பங்கு. 30 பாகைக்கு இறங்கினால் ஒவ்வொன்றும் முழு எடையைத் தாங்க வேண்டும். 15 பாகையில் 1.93 மடங்கு. “செயின் நீளமா விட்டாத்தான் சார் பாரம் கம்மி” என்று மேஸ்திரி சாதாரணமாகச் சொன்னதன் கணக்கு இது. மேசையில் 270 பாகையில் 200 கிராம், 15இலும் 165இலும் ஒவ்வொரு கப்பி பூட்டி எடையைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். இரண்டு பக்கமும் 386 கிராம் ஏறிய பிறகுதான் வளையம் நடுவுக்கு வந்தது. 200 கிராமைப் பிடிக்க 386ஆ என்று பிள்ளைகள் நம்பவில்லை. வரைந்தால் உடனே புரிகிறது: எடைக்கான நிலைக்கோட்டை 10 செ.மீ. வரைந்து, இரண்டு நுனியிலிருந்தும் செயினின் சாய்வில் கோடு இழுத்தால் முக்கோணம் மூடும் இடம் தூரத் தூரப் போகிறது. 15 பாகைக்கு ஒவ்வொரு பக்கமும் 19.3 செ.மீ. அதற்கும் கீழே இறங்கினால் தாளைத் தாண்டிவிடும்.

கடைசியாக ஒகேனக்கல் பரிசல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகப் படகு இல்லை, ஏறிப் பார்த்த ஒன்று. ஓட்டம் நொடிக்கு 0.8 மீட்டர், துடுப்பால் தண்ணீரில் நொடிக்கு 1.2 மீட்டர் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே கரை சேர எந்தத் திசையில் துடுப்புப் போட வேண்டும்? இங்கே தெரியாதது திசை. வரைபடத்தில் இதற்குப் பாகைமானியே வேண்டாம், காம்பஸ் போதும். ஓட்டத்துக்கு 8 செ.மீ. கோடு. அதன் வாலிலிருந்து ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு. தலையில் முள்ளை ஊன்றி 12 செ.மீ. வில் போட்டால் அது குறுக்குக் கோட்டை வெட்டும் இடத்தில் விடை: 8.9 செ.மீ., அதாவது நொடிக்கு 0.89 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும்; பரிசலின் முகம் நேர்க்குறுக்கிலிருந்து 42 பாகை ஓட்டத்துக்கு எதிராக. கணக்கில் சைன் மதிப்பு 0.667, கோணம் 41.8 பாகை, வேகம் 0.894.

ஓட்டம் 1.3 ஆகட்டும். இப்போது 12 செ.மீ. வில் குறுக்குக் கோட்டைத் தொடவே இல்லை. காம்பஸ் எட்டாது. கணக்கில் 1.44இலிருந்து 1.69ஐக் கழிக்கச் சொல்கிறது, வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் வந்து நிற்கிறது. அந்தக் கழித்தலைப் பார்த்துப் பிள்ளைகள் எங்கோ தப்பு விட்டோம் என்று திரும்பப் போடுகிறார்கள். தாளில் பார்த்தவர்களுக்கு நேராகக் கரை சேரவே முடியாது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நீர்வரத்து கூடும்போது பரிசல் இயக்கத் தடை விதிக்கிறார்களே, அதற்கு வேறு பல காரணங்களோடு இதுவும் ஒன்று.

சரி, நேராகப் போக முடியாது. ஓட்டம் கீழே இழுத்துப் போகும் தூரம் மிகக் குறைவாக இருக்கும்படி கரை சேரும் திசை எது? கணக்கு வழியில் வகைநுண்கணிதம் வேண்டும். தாளில், ஓட்டக் கோட்டின் வாலிலிருந்து 12 செ.மீ. வட்டத்துக்கு ஒரு தொடுகோடு வரைந்தால் முடிந்தது. தொடுகோடும் ஆரமும் செங்குத்து என்பதால் 5, 12, 13 முக்கோணம் கிடைக்கிறது. கரையில் நின்று பார்த்தால் பரிசல் சாய்வாகப் போகும் உண்மையான வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், ஆறு 120 மீட்டர் அகலம் என்றால் 50 மீட்டர் கீழே போய்ச் சேரும். கணக்குக் குழுவினர் இதைப் பார்த்ததும் காம்பஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதையே மேசையிலும் வைத்தோம். 0 பாகையில் 130 கிராம், 157.4 பாகையில் 120 கிராம், எதிரில் 247.4 பாகையில் 50 கிராம். கல்லைத் தட்டிக்கொண்டே எடையை மாற்றினோம். 48 முதல் 52 கிராம் வரை வளையம் நடுவில் நின்றது.